அளவு நோட்டில் என் தலை

பாவாடைக்கு உயரம் எடுக்கும்போது தையல்காரி தரையில் முட்டி போட்டுக் குனிய வேண்டும். அளவு கொடுக்க நிற்பவரின் கண்ணுக்கு நேர் கீழே அப்போது இருப்பது அவளுடைய வகிடு. தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்த 13 வருடத்தில் எனக்குப் பெரிய தொல்லை இதுதான். 20 நாளுக்கு ஒரு தடவை அடிப்பேன். 15ஆம் நாளே வகிட்டில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். மிச்ச ஐந்து நாளும் குனிகிற வேலை வந்தால், கடையில் உதவிக்கு இருக்கும் பிள்ளையிடம், "நீ எடு, நான் எழுதுதேன்" என்று டேப்பைக் கொடுத்துவிடுவேன். அவள் எடுத்த அளவில் இரண்டு பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்று, துணிக்குக் காசை நான் என் கையிலிருந்து கொடுத்ததும் உண்டு.

கடை திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டி மீனாட்சிபுரத்தில் இருக்கிறது. பெண்களுக்கு மட்டும் தைக்கிறேன். வயது 52. 2023 ஜனவரியில் டையை நிறுத்தினேன், 2024 ஜூலையில் கடைசிக் கறுப்பு முனையை வெட்டினேன். இடையில் நடந்ததை எல்லாம் கடையின் அளவு நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வந்தேன். அதைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். இதே காரியத்தைத் தொடங்கிப் பாதியில் நிற்கிற இரண்டு மூன்று பேர் கடைக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை.

நான் ஒன்றும் துணிச்சலில் நிறுத்தவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த ஜனவரி 13 இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து, தூக்கக் கலக்கத்தோடு டை அடித்துக் குளித்தேன். மறுநாள் காதுக்குப் பின்னால் அரிப்பு. பொங்கலன்று காது மடல் தடித்து, நெற்றியோரம் சின்னச் சின்னதாய் நீர்க் கொப்புளம். மாட்டுப் பொங்கலுக்கு இமை வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட சரக்கு இப்போது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று தோல் டாக்டரிடம் சண்டைக்குப் போகாத குறையாகக் கேட்டேன். ஒவ்வாமை அப்படித்தான் வருமாம். பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் உடம்பு கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். வீக்கம் அடங்கிய பிறகு முதுகில் பல மருந்துகளை வரிசையாக ஒட்டி, இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படாமல் வைத்திருந்து பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு கட்டம் சிவந்து தடித்திருந்தது. பாரா ஃபினைலின் டைஅமின், சுருக்கமாக பிபிடி. முடியைக் கறுப்பாக்குகிற நிரந்தர டைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். கறுப்பு மருதாணி என்று விற்கிற பொடிகள் பலவற்றிலும் இதையே கலக்கிறார்கள். அம்மோனியா இல்லாத டை என்றால் பரவாயில்லையா என்று கேட்டேன். அம்மோனியா வேறு, பிபிடி வேறு. ஒன்று இல்லை என்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைத் தூக்கமில்லாமல் அடித்தது. பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு அடர்நிற பாலியஸ்டர் துணிகளின் சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகுமாம். நான் நாளெல்லாம் கறுப்பு, நேவி புளூ லைனிங்கில் கை வைத்துக்கொண்டிருப்பவள். பிழைப்பே போய்விடுமோ என்று ஒரு மாதம் முழுக்கை பருத்தி ஜாக்கெட் போட்டுக்கொண்டு தைத்தேன். நல்லவேளை, மணிக்கட்டில் ஒன்றும் வரவில்லை.

சரி, டை இல்லை. அடுத்து என் புத்தி போனது மருதாணிக்கு. வீட்டுக் கொல்லையில் செடி நிற்கிறது. மருதாணி மட்டும் போட்டால் வெள்ளை முடி ஆரஞ்சாகும். அதன் மேல் அவுரிப் பொடி போட்டால் கறுப்புக்கு வரும் என்பது பலரும் செய்வதுதான். எங்கள் தொழிலில் புதுத் துணி என்றால் முதலில் வெட்டுத் துணியில் தைத்துப் பார்ப்போம். அதே மாதிரி கொஞ்சம் வெள்ளை முடியைச் சுருட்டி முடிந்து வைத்துக்கொண்டு, அதில் சோதித்தேன். மருதாணி நன்றாகப் பிடித்தது. அவுரி பிடிக்கவே இல்லை. இரண்டாம் தடவை ஊறவைத்தும் அதே ஆரஞ்சு. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் சீமையில் சென்னாவையும் அவுரி என்றே சொல்லுகிற வழக்கம் உண்டு. திருநெல்வேலி சென்னா என்று உலகமெல்லாம் பெயர் வாங்கிய இலை அது. மலச்சிக்கலுக்குக் கேட்கிற சரக்கு, நீலம் தராது. சாயத்துக்கு வேண்டியது நீலி அவுரி. அதாவது, முடிக்குப் பேதி மருந்து போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். சரியான பொடியை வாங்கித் திரும்பவும் செய்திருக்கலாம். ஆனால் அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை அரை நாள் வேலை. 13 வருடம் ஓடிய செக்கை விட்டுவிட்டு இன்னொரு செக்கில் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

இருக்கிற கறுப்பை எடுத்துவிட்டால் ஒரே நாளில் வெள்ளையாகிவிடலாமே என்று ஒரு பியூட்டி பார்லரில் ஆசை காட்டினார்கள். அங்கேயும் வெட்டுத் துணிக் கணக்குதான். பின்னால் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு கொத்து மட்டும் செய்யுங்கள் என்றேன். பிளீச் போட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் கழுவினால் செங்கல் நிறம். கையில் உருட்டினால் தேங்காய் நார். டையின் வேலை அப்படி. முடியின் மேல் செதிலைத் திறந்து உள்ளே போகிற சின்னத் துகள்கள், பெராக்சைடோடு சேர்ந்து உள்ளேயே பெரிதாகிவிடும். பிறகு வந்த வழியில் வெளியே போக முடியாது. எங்கள் பாஷையில் கெட்டிச் சாயம். வெளுத்து எடுக்கப் பார்த்தால் துணிதான் போகும். தலை முழுவதும் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

ஆக, மிச்சம் இரண்டு வழி. வளரவிட்டு வெட்டுவது, இல்லையென்றால் மொட்டை. எங்கள் ஊரில் மொட்டை ஒரு பிரச்சினையே இல்லை. காலையில் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறினால் மதியத்துக்குள் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பிவிடலாம். 'ஏன்' என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், நேர்த்திக்கடன் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். என் மாமியார் அதைத்தான் சொன்னார்கள். நானும் பாதி மனதாக இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர்தான், "வேண்டிக்கிடாம போய் முடியக் குடுத்தா முருகன்ட்ட பொய் சொன்ன மாதிரிதான?" என்றார். அவர் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர், சரியான சில்லறை இல்லாத விஷயம் எதுவும் அவருக்குப் பிடிக்காது. மொட்டையை விட்டேன்.

அப்போது பின்னல் இடுப்புக்குச் சற்று மேலே வரை, 22 அங்குலம். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால். 22 அங்குலமும் வெள்ளையாக வேண்டுமென்றால் நாலு வருடம். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது. பிப்ரவரி கடைசியில் 7 அங்குலம் வெட்டினேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒன்றரை அங்குலம். வெட்டுவதற்குத் தனிக் கத்தரி வாங்கினேன். துணி வெட்டுகிற கத்தரியால் முடியோ காகிதமோ வெட்டினால் முனை மழுங்கிவிடும். எங்கள் கடையில் அந்தக் கத்தரியை வேறு எதற்கும் தொடவிட மாட்டேன், என் தலைக்கும் சேர்த்துத்தான்.

நோட்டில் பக்கம் போட்டேன். பெயர் என்ற இடத்தில் 'தலை'. இடது காதுக்கு மேலே ஒரே இடத்தில், முடியை நேராக இழுத்துப் பிடித்து, வேரிலிருந்து கறுப்பு தொடங்குகிற இடம் வரை அளவு. இடம் மாறினால் கணக்கு மாறும், நெற்றியில் ஒரு வேகம், உச்சியில் ஒரு வேகம். முதல் இரண்டு மாதம் அங்குலத்தில் எழுதினேன். பிப்ரவரி அரைக்கும் கீழே, மார்ச் முக்காலுக்கு மேலே. ஆமை நகருகிற மாதிரி இருந்தது. டேப்பைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கம் பார்த்தேன். 2.2. மனதுக்கு உடனே தெம்பாக இருந்தது. அதிலிருந்து சென்டிமீட்டர்தான். என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன் என்று சொன்னால் சொல்லுங்கள், பதினெட்டு மாதம் ஓட அது உதவியது.

மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரைதான் மோசம். மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும்போது, டை அடிக்க நேரமில்லை போல என்று பார்ப்பவர் விட்டுவிடுவார்கள். அதற்கு மேலே போனால் அது பார்டர். சேலையில் மாற்றுநிறப் பார்டர் அழகு, ஏனென்றால் அது ஓரத்தில் இருக்கிறது. என் தலையில் பார்டர் நடு உடம்பில் ஓடியது. உடம்பு வெள்ளை, முந்தானை கறுப்பு.

இதை மங்கவைக்க நான் செய்தவற்றில் உருப்படியானவை இரண்டே. ஒன்று வகிடு. நேர் வகிடு எடுத்தால் வெள்ளை ரிப்பன் ஒட்டிய மாதிரி பளிச்சென்று தெரியும். சீப்பின் முனையால் கோணல்மாணலாக எடுத்தால் இரண்டு பக்கத்து முடியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கோடு உடைந்துவிடும். இரண்டாவது, வெட்டும்போது ஒரே நேராக வெட்டாமல் அடுக்கடுக்காக வெட்டுவது. கறுப்பு முனைகள் ஒரே மட்டத்தில் முடியாததால் பார்டர் கரைந்துபோகும். இதைச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பார்லரில் வேலை செய்யும் சின்னப் பிள்ளைதான், செங்கல் நிறத்துக்குப் பரிகாரமாக வைத்துக்கொள்ளலாம். உருப்படாதது, கண் மை. மே மாதக் கல்யாணம் ஒன்றுக்கு நெற்றியோரத்தில் மை தடவிக்கொண்டு போனேன். நெல்லையில் மே மாதம், மண்டபத்தில் ஃபேன் இல்லாத மூலை. சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் வருவதற்குள் கன்னத்தில் கோடு இறங்கிவிட்டது.

இனி பேச்சு. அதற்கும் நோட்டில் கணக்கு வைத்தேன், பாக்கிக் கணக்கு மாதிரி நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிப்பது. ஏப்ரலில் 31 பேர். மேயில் 22. "யக்கா, ஒடம்புக்கு முடியலையா?", "வீட்டுல எதுவும் துக்கமா?", "என்ன இப்பிடி விட்டுட்டியே". முதலில் நான் சொன்ன பதில், "டாக்டர் அடிக்கக்கூடாதுன்னுட்டாரு." உண்மைதான், ஆனால் மோசமான பதில். டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் அடுத்த கேள்வி பிறந்துவிடுகிறது. என்ன டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, என்ன டெஸ்ட். மூன்று வாரத்தில் அது சுற்றி வந்து, ஒருநாள் பெருமாள்புரத்திலிருந்து என் மயினி, அண்ணன் மனைவி, போனில் அழுதார்கள். "ஏளா, இவ்வளவு பெரிய வியாதிய எங்கள்ட்ட மறைக்கலாமாளா?" எனக்குப் புற்றுநோய், மருந்தில் முடி மாறிவிட்டது என்று யாரோ முடித்தே வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு பதிலை மாற்றினேன். "டை அடிக்கிறத விட்டுட்டேன்" என்று சொல்லி முடித்த மூச்சிலேயே, "கை எறக்கம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று டேப்பை நீட்டிவிடுவது. கை இறக்கம் என்பது பெண்களுக்கு நரையைவிட முக்கியமான விஷயம். பேச்சு அங்கே போய்விடும். ஆகஸ்டில் 9 கோடு. செப்டம்பரில் 4. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஒரே ஆள் இரண்டாவது தடவை சொன்னது மொத்தமே இரண்டு பேர். ஒருவர் என் மாமியார். மற்றவர்கள் எல்லோரும் ஒரு தடவை சொல்லித் தீர்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது என் தலையை மறந்து தங்கள் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். ஊர் வாய் ஓயாது என்று பயந்துகொண்டிருந்தேன். என் விஷயத்தில் அது என்னைத் தெரிந்தவர்களின் எண்ணிக்கைதான். அந்தப் பட்டியல் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்தது. ஏப்ரலில் இது தெரிந்திருந்தால் அந்த 31ஐ, முடிக்க வேண்டிய ஆர்டர் மாதிரி எண்ணி இறக்கியிருப்பேன்.

பட்டியலில் இல்லாதவர்தான் என்னைச் சாய்த்தார். ஜூன் மாதம் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு விசேஷத்துக்கு நானும் எங்கள் வீட்டுக்காரரும் பஸ்ஸில் போனோம். அவர் மீசைக்கு டை அடிப்பவர். ஞாயிறு காலை திண்ணையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் அவர் மீசை அடிக்கிற அழகே தனி. பேட்டையில் ஏறி எதிரே உட்கார்ந்த ஆச்சி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ஒன் தம்பியா தாயி?" என்றாள். அவர் பத்தமடை தாண்டும்வரை சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விசேஷ வீட்டில் போட்டோவுக்கு நிற்கவில்லை.

அடுத்த நாள் டவுனுக்கு லேஸ் வாங்கப் போனவள், ரத வீதியில் ஒரு கடையில் டை பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். மேலே பச்சை இலை, பூ எல்லாம் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல். கடை பல்பின் அடியில் கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். மூன்றாவது வரியில் நின்றது, அதே பாரா ஃபினைலின் டைஅமின். காது மடலில் பழைய அரிப்பு ஓடிய மாதிரி ஒரு பிரமை. பாக்கெட்டை வைத்துவிட்டு லேஸ் வாங்காமல் வந்துவிட்டேன். அந்த வாரம் நோட்டில் 5.4 என்று மட்டும் எழுதியிருக்கிறேன், வேறு குறிப்பு இல்லை. ஆனித் தேரோட்டத்துக்கும் போகவில்லை. ஊரே வடம் பிடிக்கிற நாளில் வீட்டில் உட்கார்ந்து பட்டன் தைத்தேன். இப்போது நினைத்தால் அந்த ஒரு நாளுக்குத்தான் வருத்தம்.

வெளியே வர உதவியது என் தொழில்தான். ஜூலையில் ஒருநாள் சந்தன நிற ஜாக்கெட் துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். முகம் செத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் கிடந்த அரக்கு நிற வெட்டுத் துண்டை எடுத்து மோவாய்க்குக் கீழே வைத்தேன். முகம் திரும்பி வந்தது. அட, என்று வெட்டுத் துணி மூட்டையையே கவிழ்த்தேன். காலை பத்து மணி வெளிச்சத்தில், வாசல் பக்கம் கண்ணாடியைத் திருப்பி, ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தோம், நானும் உதவிக்கு இருக்கிற பிள்ளையும். கறுப்பு முடி முகத்தைச் சுற்றி ஒரு சட்டம் மாதிரி நின்றபோது சந்தனமும் பிஸ்கட் நிறமும் எடுபட்டன. இப்போது அந்தச் சட்டம் இல்லை, அந்த வேலையைத் துணி செய்ய வேண்டும். மயில்கழுத்து, கத்தரிப்பூ, ராணி நிறம், அரக்கு நன்றாக இருந்தன. கடுகு மஞ்சள் வைத்தால் காமாலை கண்ட மாதிரி. வெளிர் நிறம் வேண்டுமென்றால் கழுத்தோரம் அடர்நிறப் பைப்பிங் வைத்துக்கொண்டால் போதும். இருந்த வெளிர் ஜாக்கெட் ஆறுக்கும் பைப்பிங் அடித்தேன். பொட்டை ஒரு சுற்றுப் பெரிதாக்கினேன்.

பூவும் மாற்ற வேண்டியதாயிற்று. வெள்ளைத் தலையில் மல்லிகையோ பிச்சியோ வைத்தால் வாசம்தான் வரும், பூ தெரியாது. கனகாம்பரம் வைத்தால் தெருமுனையிலிருந்து தெரியும். சிறுவயதில் எங்கள் ஆச்சி கனகாம்பரம் மட்டும் ஏன் வைத்தாள் என்பது ஐம்பது வயதில் எனக்குப் புரிந்தது.

அடுத்த தொல்லை மஞ்சள். ஒன்பதாம் மாதம், 10 சென்டிமீட்டரில், முன்நெற்றி முடி பழைய வேட்டி மாதிரி பழுப்பேறிக்கொண்டு வந்தது. வெள்ளை முடியில் நிறமி கிடையாது, அதனால் எது ஒட்டினாலும் தெரியும். வெயில், எண்ணெய், உப்புத் தண்ணீர் மூன்றுமே வேலை செய்யும். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், சோப்பு நுரைக்காது. வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய், அதன் மேல் சீயக்காய். வெள்ளைத் துணி பழுத்தால் என்ன செய்வோம்? சொட்டு நீலம். மஞ்சளுக்கு எதிர் நீல ஊதா, அது மஞ்சளைக் கொன்று வெள்ளையாகக் காட்டும். தத்துவம் சரி. ஒரு வாளிக்கு ஒரு சொட்டு என்பதற்குப் பதில் ஒரு சொம்புக்கு அரை மூடி ஊற்றினேன். மறுநாள் கடைக்கு அம்மாவோடு வந்த குட்டிப் பிள்ளை, "அத்த தலையில ஊதாக் கலரு" என்று கை நீட்டியது. நாலு குளியலில் போனது. தலைக்கென்று செய்யாத சரக்கைத் தலையில் ஊற்றுகிற வேலையை நான் செய்ததோடு நிற்கட்டும். அதே தத்துவத்தில் தலைக்கென்றே ஊதா ஷாம்பு விற்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று நிமிடம். அதைவிடப் பலன் தந்தது தண்ணீர். கடைசி இரண்டு சொம்பு மட்டும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் அலசுவேன், அதற்கென்று ஒரு குடம் பிடித்து வைத்துவிடுவேன். நல்லெண்ணெயைத் தேங்காய் எண்ணெயாக மாற்றி, அதையும் குளிக்கிற அன்றைக்கு மட்டும் என்று ஆக்கினேன். வயதாக ஆகத் தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறையும், அதனால் முடி முன்னைவிட வறண்டு விறைப்பாக நின்றது. எண்ணெயை ஒரேயடியாக விடவும் முடியாது.

பதினோராம் மாதம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, ஞாயிறு, விடாத மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்றார்கள். திங்கள் விடிய ஜங்ஷன் முழுக்க ஆறு. எங்கள் கடையில் இரண்டாவது தட்டு வரை தண்ணீர், பொங்கலுக்கு வந்த துணியில் பாதி சேறு. வீட்டைப் பூட்டிவிட்டு மேட்டில் இருக்கிற பெருமாள்புரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டோம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்க வேண்டும். தலை குளிப்பதாவது. நாலாம் நாள் சேறும் சிக்குமாக இருந்த என் முடியைப் புதுக் கத்தரியால் மூன்று அங்குலம் வெட்டி எறிந்தேன், இரண்டு தவணை வெட்டு ஒரே வெட்டில் முடிந்தது.

மயினிக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமை அடிப்பதற்கு டை வாங்கி வைத்திருந்தவர்கள், மழையில் அது நடக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் அவர்கள் வகிட்டிலும் கோடு. நிவாரணப் பொருளுக்கு வரிசையில் நிற்கும்போது முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நான் அந்த வரிசையில் சுற்றிப் பார்த்தேன். எத்தனை வகிட்டில் எத்தனை கோடு! தெருவில் பாதிப் பேருக்கு நரை என்பது அந்த வாரம்தான் எனக்குத் தெரியும். இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மயினி, "ஒனக்கு மட்டும் ஒரு கவலையும் இல்ல பாத்தியா" என்றார்கள். கடையில் ஒரு லட்சத்துக்குத் துணி சேற்றில் கிடக்கிறது, கவலை இல்லையாம். ஆனால் அவர்கள் சொன்னது எதைப் பற்றி என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நோட்டில் குறிப்பு குறைவு. கடையைத் திரும்ப எழுப்புகிற வேலையில் தலையை யார் பார்த்தார்கள்? மார்ச்சில் 15.6, மே 17.8. கோடு போட ஆளில்லை.

2024 ஜூலை இரண்டாவது வாரம் அளந்தேன், 19.8. எட்டு அங்குலத்துக்கு ஒரு இழை குறைவு. கீழே கறுப்பு ஒன்றரை அங்குலம் மிச்சம். கடையைச் சாத்திய பிறகு, உதவிக்கு இருக்கிற பிள்ளை என் பின்னால் நின்று வெட்டினாள். தரையில் விழுந்த கறுப்பைக் கூட்டி அள்ளும்போதுதான் பின்பக்கத்தை முதன்முதலாக இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம். முன்பக்கம்தான் முழு வெள்ளை. பிடரியில் பாதிக்கு மேல் சொந்தக் கறுப்பு. 13 வருடம் கறுப்பின் மேலேயே கறுப்பு அடித்திருக்கிறேன். இரண்டும் கலக்கிற இடத்தில் தூரத்துப் பார்வைக்குச் சாம்பல் நிறம். என் தலையில் சாம்பல் என்று தனியாக ஒரு முடி இல்லை. கறுப்புப் பாவில் வெள்ளை ஊடை ஓட்டினால் துணி சாம்பலாகத் தெரிகிற கணக்குதான். "எள்ளும் அரிசியும் கலந்த மாதிரி இருக்கு" என்று மாமியாரிடம் காட்டினேன். "திதிக்கு வைக்கிற மாதிரி சொல்லாதட்டி" என்று வாயில் ஒரு தட்டு தட்டினார்கள்.

இப்போது கழுத்து வரை முடி, ஒரு கிளிப் போதும். எங்கள் வீட்டுக்காரர் மீசைக்கு டை அடிப்பதை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. பிரஷ்ஷும் கிண்ணமும் மட்டும் என் சாமான்களோடு சேராமல் திண்ணையோடு இருக்கிறது. பாவாடைக்கு உயரம் எல்லாம் நானே எடுக்கிறேன்.

போன நவம்பரில் மயினி ஜாக்கெட் தைக்க வந்தார்கள். அளவு எடுத்து முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. நோட்டைக் கையால் தட்டி, "எனக்கும் ஒரு பக்கம் போடுளா. பேரு எழுதாத" என்றார்கள். பெயர் இடத்தைக் காலியாக விட்டு, 'கடைசி டை: 2024 நவம்பர் 10' என்று எழுதினேன். இந்த வாரம் வந்தபோது அளந்தோம். 2.2. "அங்குலத்துல எவ்வளவுளா?" என்று கேட்டார்கள். நான் டேப்பைச் சுருட்டிவிட்டேன்.